இருபது நிமிஷ இடைவெளியும் ஓர் ஆக்ஸ் வயரும்

எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில், அதாவது கொடைகளில், ஒரு நேரம் வரும். வில்லுப்பாட்டுக்காரர்கள் கதையில் ஒரு கட்டத்தை முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். உள்ளே அலங்காரம் நடக்கும், திரை போட்டிருக்கும். தீபாராதனைக்கு இன்னும் நேரம் கிடக்கும். பந்தலுக்குள் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட, பெரியாட்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு கோயில் வரிக்கணக்கு பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தை மைக் செட்டுக்காரர் பென் டிரைவில் கிடக்கிற சினிமாப் பாட்டை வைத்து ஓட்டுவார். ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. ஆனால் பாட்டு நின்றால் போதும், மொத்தப் பந்தலும் திரும்பிப் பார்க்கும்.

எலக்ட்ரானிக் இசையை ஆட்கள் முன்னால் கையால் வாசிக்க ஆசை, ஆனால் கையில் காசு இல்லை என்று வருகிற தம்பிகளுக்கு நான் காட்டுகிற மேடை அந்த இடைவெளிதான். திருநெல்வேலிச் சீமையில் கிளப் கிடையாது. கிளப்புக்கு வேண்டிய மற்ற எல்லாம் இருக்கிறது. பெட்டி ஸ்பீக்கர், ஆம்ப், ஜெனரேட்டர், சீரியல் பல்பு, நூறு இருநூறு பேர். வாடகையையும் வேறொருவர் கொடுத்தாகிவிட்டது. நாம் கொண்டுபோக வேண்டியது ஒரு சின்னப் பையும், அந்த மைக் செட்டு அண்ணாச்சியிடம் கேட்கிற தைரியமும்தான்.

நான் முக்கூடல்காரன். அம்பையில், அதாவது அம்பாசமுத்திரத்தில், ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் வேலை. பகல் முழுக்க டிஸ்ப்ளே மாற்றுவதும் சார்ஜிங் பின் மாற்றுவதும்தான். சாலிடரிங் அயர்ன் பிடித்துப் பழகிய கை என்பதால் வயர் வேலை தானாக வரும். எனக்கு மிச்சமான காசில் பாதி அதனால் மிச்சமானது. அம்மா பீடி சுற்றுகிறாள். அவளுடைய கத்தரியைப் பற்றி பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு பிணக்கைத் தீர்த்துவிடுகிறேன். "எலக்ட்ரானிக் மியூசிக்கெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்ம ஊருக்கு ஒத்து வராது" என்று பேசுகிறவர்கள் மெல்லிசைக் கச்சேரியில் ரிதம் பேட் அடிக்கிறவரைப் பார்த்ததே இல்லையா? ரோலண்ட் கம்பெனி அந்த வகைப் பேடான ஆக்டோபேடைக் கொண்டுவந்தது 1985-இல். முதலில் வந்த அந்தக் கருவிக்குச் சொந்தச் சத்தமே கிடையாது. எட்டு ரப்பர் கட்டம், தட்டினால் மிடி வயர் வழியாக வேறொரு மெஷினைப் பேச வைக்கும், அவ்வளவுதான். பிறகு வந்தவற்றுக்கு உள்ளேயே சத்தம் வந்தது. இன்றைக்கு ஆலங்குளத்திலும் வள்ளியூரிலும் கச்சேரிக்குப் போகிற பேட் பிளேயர்கள் தபலாவும் தவிலும் பறையும் ஒரே பெட்டியிலிருந்து அடிக்கிறார்கள். அதைவிடவா ஒரு நேரடி எலக்ட்ரானிக் வாசிப்பு வேண்டும்? அவர்களுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், அவர்கள் ஊர் கேட்ட பாட்டை வாசிக்கிறார்கள், நான் கேட்காததை வாசிக்கிறேன். சம்பளத்தில் உள்ள வித்தியாசம் அதனால் வந்தது.

சரி, சாமான்.

முதல் சாமான் போன். நல்ல போன் என்று அவசியமில்லை. கோலா சாம்ப்ளர் என்று ஒரு ஆப் இருக்கிறது, சில நூறு ரூபாய்தான். மைக்கில் ஒரு சத்தத்தைப் பிடித்தால் உடனே ஒரு கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும், விரலால் தட்டி வாசிக்கலாம், தட்டினதைச் சுழற்றி ஓடவிடலாம். மூன்று மாதம் இதை மட்டும் வைத்து வீட்டில் உட்கார்ந்து பழகுங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன். சலிக்காமல் ஓட்டுகிறவன் மட்டும் அடுத்த செலவுக்குப் போகட்டும். மேடையில் போனை வைத்து வாசிப்பதாக இருந்தால் ஏரோபிளேன் மோடு போட மறக்கவே கூடாது. தீபாராதனைக்கு முன்னால் உங்கள் ஓனர் கூப்பிடுகிற ரிங்டோனை ஊர் முழுக்கக் கேட்க வேண்டாம்.

இரண்டாவது சாமான், நான் இப்போதும் வாசிக்கிற பெட்டி, கோர்க் கம்பெனியின் வோல்கா சாம்பிள். பழையதாக ஒன்பதாயிரத்துக்குக் கிடைத்தது. மதுரையில் ஒரு பையன் காலேஜ் முடிந்ததும் விற்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். சோற்றுத் தட்டு அளவுகூட இல்லாத பெட்டி. ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும், ஒரு ராத்திரிக்குத் தாராளம். பத்து சத்தத்தை அடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் பதினாறு படி, அதாவது சத்தம் விழுகிற பதினாறு தாளக் கட்டம். பழைய மாடலின் மொத்த நினைவே 4 எம்.பி., அதாவது எல்லாச் சத்தமும் சேர்த்து 65 வினாடி. இதைக் கேட்டு லேப்டாப்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்த 65 வினாடி பெரிய உபகாரம். ஆயிரம் சத்தம் வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று விடிய விடிய தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இருக்கிற கொஞ்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

இந்தப் பழைய மாடலுக்குள் சத்தம் ஏற்றுகிற விதம்தான் வேடிக்கை. யூ.எஸ்.பி. கிடையாது. போனின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து பெட்டியின் சிங்க் ஓட்டைக்கு ஒரு வயர் போட்டு, சத்தத்தைச் சத்தமாகவே அனுப்ப வேண்டும். ஆப் அதை ஒருவிதமான கீச்சலாக மாற்றித் துப்பும், பெட்டி அதைக் காதால் கேட்டு எழுதிக்கொள்ளும். அந்தக் காலத்தில் கேசட்டில் கம்ப்யூட்டர் புரோகிராம் வைத்திருந்தார்களே, அந்தக் கணக்கு. நடுவில் போனில் ஒரு மெசேஜ் வந்து 'டிங்' என்றால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பதினாறு படி நமக்கு இடிக்கும் இடம் ஒன்று உண்டு. நையாண்டி மேளத்துத் துள்ளல் நாலு நாலாக வராது, மூன்று மூன்றாக வரும். இதற்கு வழி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் படி ஓடணும், எது ஓட வேண்டாம் என்று நாமே தீர்மானிக்கலாம். கடைசி நாலு படியை அணைத்துவிட்டால் பன்னிரண்டு. அவ்வளவுதான், திஸ்ரம் வந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

லேப்டாப்? இருந்தால் வீட்டில் வைத்துப் பழகுங்கள். லாஞ்ச்பேட் மாதிரி தட்டி வாசிக்கிற கருவி வாங்கினால் ஏபிள்டன் லைவ் என்கிற இசை சாஃப்ட்வேரின் சின்னப் பதிப்பு கூடவே வரும், எட்டு டிராக் கொடுப்பான், ஆரம்பிக்கிறவனுக்கு அது போதும். கொடைக்கு நான் தூக்கிப் போவதில்லை. தூசி, பந்தலுக்கடியில் சிதறிக் கிடக்கிற திருநீறு, கால் தட்டுகிற பிள்ளைகள். இது போக, வாசிக்கிறவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் "அந்தப் பய ஏதோ டைப் அடிக்கான்" என்றுதான் ஊர் நினைக்கும். திருகுகிற கை தெரிய வேண்டும்.

மூன்றாவதாக ஒரு டிலே பெடல், சத்தத்தை எக்கோ அடிக்க வைக்கிறது. கிட்டார்காரர்கள் காலால் மிதிக்கிறது. பழையதாக இரண்டாயிரம் சுற்றில் கிடைக்கும். இதற்கு 9 வோல்ட் வேண்டும். சதுர பேட்டரி போட்டால் டிஜிட்டல் பெடல் அதைச் சீக்கிரமே குடித்துவிடும். பவர் பேங்கிலிருந்து 9 வோல்ட் எடுக்க வைஃபை ரூட்டருக்கு என்று விற்கிற வயர் இருக்கிறது, நூற்றுச் சொச்சம்தான். ஒன்றைக் கவனியுங்கள். பெடல்களில் பெரும்பாலும் நடுமுள் நெகட்டிவ். ரூட்டர் வயரில் நடு பாசிட்டிவ். முனையை வெட்டி மாற்றிச் சாலிடர் பண்ணாமல் அப்படியே குத்தினால் பெடலின் ஆயுசு முடிந்தாலும் முடிந்துவிடும். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் குத்துங்கள். மீட்டர் இல்லாவிட்டால் கடைக்கு வாங்க, நான் பார்த்துத் தருகிறேன்.

இந்த மூன்றை வைத்து என்ன வாசிப்பது என்பதற்கு எனக்கு வாத்தியார் ஒருவர் உண்டு. நேரில் பார்த்ததில்லை, 1989-லேயே போய்விட்டார். ஜமைக்காவின் கிங்ஸ்டன் ஊரில் 1950-களிலிருந்தே தெருவில் ஸ்பீக்கர் அடுக்கி ரெக்கார்டு போடுகிற தொழில் இருந்தது. சவுண்ட் சிஸ்டம் என்பார்கள். நம்ம மைக் செட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிங் டப்பி என்று ஊர் கூப்பிட்ட ஆஸ்போர்ன் ரட்டக் ஒரு ரேடியோ ரிப்பேர்காரர், சொந்தமாக சவுண்ட் சிஸ்டமும் நடத்தினார். 1970-களில் இவர் ஏற்கெனவே பதிந்து முடித்த பாட்டை எடுத்து, மிக்ஸரில் பாடுகிறவரின் குரலை இறக்கி, டிரம்ஸையும் பேஸையும் மட்டும் விட்டு, எங்கேயோ ஒரு சொல்லை மட்டும் தூக்கி எக்கோவுக்குள் தள்ளி, அது அலைந்து அடங்குவதற்குள் மறுபடி டிரம்ஸை நிறுத்தி, இப்படி ஒரு மிக்ஸரையே வாத்தியமாக வாசித்தார். அவரிடம் இருந்தது நாலு டிராக்தான். அந்த வகைக்கு டப் என்று பேர். ரிப்பேர் கடையில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கிற்று. பத்து விரலும் ஓடி வாசிக்க வேண்டியதில்லை. எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். எதை எப்போது எடுக்கிறோம், எதை எப்போது திருப்பித் தருகிறோம், அதுதான் வாசிப்பு.

சத்தம் எங்கேயிருந்து வரும்? இலவசமாக வரும்.

அம்மா ராத்திரி பீடி இலை வெட்டுகிறபோது கத்தரிக்கு ஒரு நடை உண்டு. நனைத்துப் பதம் பார்த்த இலையை மடியில் வைத்து, தகட்டை வைத்து, நாலு பக்கமும் வெட்டுவாள். முதல் வெட்டு நீளம், மற்றதெல்லாம் குட்டை. சர்ர்க், சரக், சரக், சரக். இலை காய்ந்திருந்தால் சத்தம் உடையும், ஈரம் கூடியிருந்தால் மந்தமாகும். பதமான இலையில்தான் அந்த மணிச் சத்தம் வரும். டிவியை நிறுத்தச் சொல்லி, ஃபேனை நிறுத்தச் சொல்லி, போனை மடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"ஏல, வேர்த்து ஊத்துது. கத்தரியப் போய் எதுக்குல போன்ல பிடிக்கே?"

"பாட்டுக்கும்மா."

"நாளைக்கு இலை குறைஞ்சா நீயா கணக்குச் சொல்லுவ? வெரசாப் பிடிச்சிட்டு ஃபேனப் போடு."

என் வாசிப்பில் 'சிக் சிக்' என்று மேலே ஓடிக்கொண்டே இருப்பது அந்தக் கத்தரிதான். நீள வெட்டை முதல் படியில் வைத்து, குட்டையை மற்ற இடங்களில் தூவினேன். கைத்தட்டல் மாதிரி வருவது தாமிரபரணிப் படித்துறையில் போர்வையை அறைந்து துவைக்கிற சத்தம். கல்லில் அடித்ததும் எதிர்க்கரையிலிருந்து சின்னதாக ஒரு பதில் வரும், அதையும் சேர்த்தே வெட்டி வைத்திருக்கிறேன். அடிச்சத்தத்துக்கு வில்லுப்பாட்டுக் குடம். பத்தி என்கிற மட்டையால் குடத்து வாயில் அடிக்கிறபோது 'பும்' என்று வருமே, அதற்கு ஈடான சத்தத்தை எந்த மெஷினிலும் நான் கேட்டதில்லை. குடம் அடிக்கிற தாத்தாவிடம் கேட்டுத்தான் பிடித்தேன். டீச்செலவுக்குக் காசும் கொடுத்தேன். கேட்காமல் பிடிப்பது திருட்டு என்பது என் கட்சி.

மகுடம் என்கிற தோல் வாத்தியத்தையும் பிடித்து வைத்திருக்கிறேன். கணியான் கூத்தில் இரண்டு மகுடம் வரும். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தோலைத் தீயில் காட்டிக் காட்டி ஏற்றுவார்கள். இரண்டும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கிறபோது முதுகுத்தண்டு நிமிரும். ஆனால் அதை நான் கொடையில் வாசிப்பதில்லை. காரணம் எளிது. சுடலைமாடன் பூடத்துக்கு முன்னால் மகுடத்தை வேகம் கூட்டினால் சிலருக்கு அருள் வரும். அது விளையாட்டுக் காரியம் இல்லை. சாமி எப்போது ஆட வேண்டும் என்பதை ஒன்பதாயிரம் ரூபாய்ப் பெட்டி தீர்மானிக்கக் கூடாது. அம்பையில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் வாசிக்கிறபோது மட்டும் அதை எடுப்பேன், அதுவும் மெதுவாக.

இப்போது முக்கியமான இடம். ஹெட்போனில் நன்றாகக் கேட்கிற பாட்டு மைக் செட்டில் ஏன் செத்துப்போகிறது?

முதல் காரணம் குழாய் ஸ்பீக்கர். இப்போது அனுமதி கொடுக்கிறபோது கூம்பு வேண்டாம், பெட்டி மட்டும் வை என்று சொல்கிறார்கள், இருந்தாலும் ஊர்ப்பக்கம் மரத்தில் குழாய் தொங்கத்தான் செய்கிறது. குழாய் பேச்சுக்காகச் செய்தது. ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றும் வராது. யூடியூபில் பார்த்து 50 ஹெர்ட்ஸில் 'தும்' என்று ஒரு கிக் செய்துகொண்டு போனால், குழாயில் அது இருந்த இடமே தெரியாது. இதற்கு மருந்து, அடிச்சத்தத்தைக் கொஞ்சம் கெடுப்பது. லேசாக டிஸ்டார்ஷன் ஏற்றினால் 50-க்கு மேலே 100, 150, 200 என்று பிள்ளைகள் பிறக்கும், மேலே மேலே போகும். அந்த மேல்சுரங்களைக் கேட்டதும் காது கீழே இல்லாத அடியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். குடச்சத்தம் எடுபடுவதற்கும் அதே காரணம், அதற்குள் நடுச்சத்தம் நிறைய இருக்கிறது. வில்லுப்பாட்டுக்காரர்கள் மைக்கே இல்லாத காலத்தில் ஊர்க் கடைசி வரை கேட்க வைத்தவர்கள், அவர்களுக்குத் தெரியாததா.

இரண்டாவது, மைக் செட்டு என்பது மோனோ. இடது வலது எல்லாம் கிடையாது. இரண்டு காதுக்கும் நடுவில் அகலமாகப் பரப்பின சத்தங்களை ஒன்றாகக் கலக்கும்போது, ஒரு பக்கம் ஏறுகிற நேரம் மறுபக்கம் இறங்கினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். அதனால் ஆரம்பத்திலிருந்தே மோனோவில் செய்யுங்கள். இரண்டு சானலையும் வயரில் அப்படியே முறுக்கி இணைக்கவும் கூடாது, அவுட்புட்டுக்குக் கேடு. ஒவ்வொரு பக்கத்திலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்து, அதற்குப் பிறகு இணைக்க வேண்டும். ரெசிஸ்டர் விலை சில்லறைக்குள் அடங்கும். என் வயர் ஒரு பக்கம் 3.5 மி.மீ. பின், மறுபக்கம் கிட்டார் ஜாக், பெடலுக்குள் போகும். பெடலிலிருந்து வெளியே வருகிறது ஆர்.சி.ஏ. பின், நேராக ஆம்பில் வெளிப் பாட்டு உள்ளே போகிற ஆக்ஸ் ஓட்டைக்கு. மைக் ஓட்டையில் மட்டும் குத்தவிடாதீர்கள். அது மில்லிவோல்ட்டுக்குச் செய்தது, நம்ம சத்தம் அதற்குள் போனால் கிழிந்த பறைதான்.

மூன்றாவது, உர்ர்ர். 50 ஹெர்ட்ஸ் கரண்டின் இரைச்சல். லேப்டாப்பை சார்ஜரில் போட்டு வாசித்தால் பெரும்பாலும் வரும், எர்த் இரண்டு வழியாகச் சுற்றுவதால். எல்லாவற்றையும் பேட்டரியில் ஓட்டினால் அது வராது. நான் பேட்டரிப் பெட்டிக்கு அலைந்ததில் பாதிக் காரணம் இதுதான். வேறு வழியில்லை என்றால் கார் செட்டுக்கு விற்கிற கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று வாங்கி நடுவில் போடுங்கள். உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அடிச்சத்தம் கொஞ்சம் குறையும், உர்ர் அடங்கும்.

நாலாவதை யாரும் சொல்லித் தருவதில்லை. நீங்கள் உட்கார்ந்திருப்பது ஆம்ப் பக்கத்தில். ஸ்பீக்கர் தூரத்தில் கம்பத்தில். சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர்தான் நடக்கும். பாட்டின் வேகம் நிமிஷத்துக்கு 120 அடி, ஓர் அடிக்கு நாலு படி என்றால், ஒரு படி 125 மில்லிசெகண்ட். 40 மீட்டருக்குச் சற்று மேலே தள்ளி இருக்கிற ஸ்பீக்கரின் சத்தம் உங்கள் காதுக்கு வருகிறபோது ஒரு படி முழுசாகப் பிந்தியிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு கையால் தட்டினால் தாளம் இழுத்துக்கொண்டே போகும், ஏன் என்றே தெரியாது. ஒரு காதில் ஹெட்போன் போட்டு, அதை மட்டும் நம்பித் தட்டுங்கள். மறுகாதை ஊருக்கு விடுங்கள். கச்சேரிக்காரர்கள் மேடையில் தங்கள் பக்கம் திரும்பின ஒரு பெட்டி கேட்டுச் சண்டை போடுவது இதற்காகத்தான்.

சரி, அண்ணாச்சியிடம் கேட்பது.

எனக்குத் தெரிந்த மைக் செட்டு அண்ணாச்சி இந்தத் தொழிலில் முடி நரைத்தவர். அவருடைய ஆம்பை அவர் பிள்ளையே தொட முடியாது. நேராகப் போய் "வாசிக்கட்டா" என்று கேட்டால் கதை முடிந்தது. நான் அதற்கு முன்னால் சில கொடைகளுக்கு அவரோடு போய் வயர் இழுத்தேன், விடிந்ததும் வயர் சுருட்டினேன். சுருட்டுவதிலும் அவரிடம் ஒரு முறை இருக்கிறது. ஒரு சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே, அப்போதுதான் அடுத்த ஊரில் எறிந்தால் முறுக்கு விழாமல் ஓடும். அது கைக்கு வந்த பிறகுதான் பேச்சை எடுத்தேன்.

"அண்ணாச்சி, அலங்காரம் முடியுற வரைக்கும் ஆக்ஸ்ல நான் வாசிக்கட்டா? இருபது நிமிசந்தான்."

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னத்தல வாசிப்ப? இதுல கட்டையே இல்லையே."

"சத்தத்த எடுத்து அடுக்கிறது அண்ணாச்சி."

"ஆம்பு போச்சுன்னா?"

"போகாது. லெவல் நீங்களே வைங்க. நான் அந்தத் திருகைத் தொடவே மாட்டேன்."

அதில்தான் ஆள் இறங்கி வந்தார். "எவனாவது பாட்டு கேட்டான்னா அந்த நிமிசமே நான் பாட்டுப் போட்டுருவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கப்பிடாது."

நியாயமான ஒப்பந்தம். இன்றைக்கும் அதே ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறது.

ஆரம்பிப்பது எப்படி என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பென் டிரைவ் பாட்டு முடிந்ததும் சடாரென்று பீட்டைத் தூக்கிப் போடக் கூடாது. கத்தரி மட்டும், சின்னதாக, ஒரு நிமிஷம். பந்தலில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் பெண்கள் பக்கத்தில் இரண்டு மூன்று தலை திரும்பும். எங்கள் பக்கத்தில் கத்தரிச் சத்தம் கேட்டு வளராத பொம்பளை யார்? பிறகு துவைக்கிற அடி ஒன்று, எக்கோவோடு. அது அடங்குகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும், இந்தக் காத்திருப்புக்குத்தான் பழக்கம் தேவை, கை பரபரக்கும். அப்புறம் குடம். குடம் வந்ததும் பிள்ளைகள் ஆம்ப் பக்கம் வந்துவிடும். பிள்ளைகளுக்கு எதற்கும் விளக்கம் வேண்டாம்.

நடுவில் கரண்ட் போகும், போயே தீரும். ஒரு தடவை அப்படிப் போனபோது பந்தல் இருட்டாகி, ஆம்ப் செத்து, ஜெனரேட்டர்காரர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். என் பெட்டியும் பெடலும் பேட்டரியில் தங்கள் பாட்டுக்கு ஓடின, ஹெட்போனில் எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டு. மற்ற எல்லாவற்றையும் இறக்கிவிட்டு கத்தரியை மட்டும் விட்டேன். ஜெனரேட்டர் பிடித்து சீரியல் பல்பு எரிந்து, அண்ணாச்சி லெவலை மெல்ல ஏற்றினபோது கத்தரி முன்பே ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் குடத்தை இறக்கினேன். பந்தலில் பையன்கள் விசிலடித்தார்கள். அது எனக்கா, கரண்டுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் எனக்கென்றே எடுத்துக்கொண்டேன்.

கைத்தட்டலை எதிர்பார்க்காதீர்கள். இடைவேளையில் ஓடுகிற சத்தத்துக்கு யாரும் கைத்தட்ட மாட்டார்கள். பெரியவர் ஒருவர் வந்து "தம்பி, பாட்டு எப்பப் போடுவிய?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி சொன்ன சொல் தவறாமல் அடுத்த நொடி பாட்டைப் போட்டார். இன்னொரு ஊரில் வரிக்காரர் ஒருவர் சாமக்கொடை முடிந்ததும் வந்து, "அந்த 'பும் பும்' நல்லா இருந்துச்சி, வார வருசமும் வா" என்றார். கணக்கு அங்கே சமன்.

நேர விஷயம். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு என்று மாநில அரசு நடுராத்திரி பன்னிரண்டு வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு மொத்தம் பதினைந்து நாளுக்கு மேல் போகக் கூடாது. அனுமதி வாங்கியிருப்பது கோயில் கமிட்டி, போலீஸ் வந்து கேட்டால் பதில் சொல்வது அண்ணாச்சி. நம்மால் அவர்களுக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. அவர் கையைக் காட்டினால் நடுத்தாளமானாலும் இறக்கிவிட வேண்டும். எனக்கு எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் கிடைக்கிற நேரம்தான் பிடித்தமானது. அப்போதுதான் பிள்ளைகள் தூங்காமல் இருக்கும்.

கொடை இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பாளையங்கோட்டையில் கல்லூரிக் கலைவிழாக்கள் இருக்கின்றன, அங்கே மேடை பெரிசு, ஆனால் உங்களுக்கு ஐந்து நிமிஷம்தான் தருவார்கள், சவுண்ட் செக்கும் கிடையாது. டிசம்பரில் சர்ச் பக்கம் கேரல் ரவுண்ட்ஸுக்கு லோடு ஆட்டோவில் ஆம்ப் கட்டிப் போகிற பையன்கள் ரிதத்துக்கு ஆள் தேடுவார்கள், பேட்டரிப் பெட்டி வைத்திருக்கிறவனுக்கு அங்கே ராஜ மரியாதை. கல்யாண ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டால் மட்டும் நான் போவதில்லை. காசு அதிலேதான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே இடைவெளியே கிடையாது. போட்டோ, சாப்பாடு, பாட்டு, மறுபடி போட்டோ. ஒரு கத்தரிச் சத்தத்தை ஒரு நிமிஷம் தனியாக விட அங்கே யாருக்கும் பொறுமை இருக்காது.

மொத்தச் செலவு கேட்கிறவர்களுக்கு: பெட்டி ஒன்பதாயிரம், பெடல் இரண்டாயிரம், வயர், பின், ரெசிஸ்டர், ஐசொலேட்டர் எல்லாம் சேர்த்து ஐந்நூற்றுக்குள். பவர் பேங்க் வீட்டில் இருந்தது. இவ்வளவும் கையில் இல்லையென்றால் போனும் அந்த வயரும் போதும், பெடல் அப்புறம். வயர் மட்டும் சொந்தமாக இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். மைக் செட்டு அண்ணாச்சிமார் ஆம்பைக் கூடத் தொட விடுவார்கள், வயர் கடன் கொடுக்க மாட்டார்கள்.